மண்டபத்துக் கதவுக்கு வைத்த கொள்ளி

என் பெயர் பொன்செல்வி, வயது 41, காலஞ்சென்ற காசிலிங்கம் மகள். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் படுகையூர் கீழத்தெருவில் குடியிருந்துகொண்டு, வயல் வேலைக்கும் வாழைத்தார் சுமக்கவும் போய் வருகிறேன். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் தேக்குக் கதவை எரித்துவிட்டதாக அதன் உரிமையாளர் குமரகுருபரன் கொடுத்த புகார் குறித்து விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது: எரித்தது நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை.

2023 மார்கழி வெள்ளத்தில் எங்கள் தெரு முழுகியது. அதன் பிறகு ஊர் கூடி, அடுத்த மழைக்குள் இன்னின்னது செய்து முடிக்கவேண்டும் என்று எங்களுக்கு நாங்களே இலக்கு வைத்துக்கொண்டோம். ஓடையில் தண்ணீரை அடைத்து மிதக்கும் அமலைச்செடியை அள்ளவேண்டும், நடக்கமாட்டாதவர்களைத் தூக்க வீட்டுக்கு வீடு ஆள் குறிக்கவேண்டும், மேட்டில் இருக்கும் மண்டபத்துச் சாவியைச் சுடலைமாடன் கோயில் சூலத்தில் எந்நேரமும் தொங்கவிடவேண்டும் என்று முடிவானது. சாவி விஷயத்துக்குக் குமரகுருபரன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். மாடன் முன்னால் சொல்லிவிட்டு மாற யாருக்குத் துணிச்சல் வரும் என்று, மாற்றுச் சாவி கேட்காமல் விட்டுவிட்டோம். எங்கள் புத்தி அப்படி.

மறு வருடம் கார்த்திகையில் மீண்டும் தண்ணீர் வந்தபோது, குறித்தபடி நானும் பக்கத்து வீட்டு சுகிர்தாவும், கால் விளங்காத என் அம்மை ஆறுமுகத்தாயை நார்க்கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். சூலத்தில் சாவி இல்லை. மண்டபம் பூட்டிக் கிடந்தது. மாடியில் நின்ற குமரகுருபரன், "நாளைக்கு முகூர்த்தம் இருக்குளா. சோடனை பூரா சகதியாயிரும். வடிஞ்ச பொறவு வாங்க" என்றார். ஆத்திரத்தில் கதவை உதைத்தேன், அசையவில்லை. அம்மை அந்தப் படியிலேயே மழையில் விறைத்துச் செத்தாள். சாகும்போது, "நம்ம ஈரத்தோட உள்ள போனா அவுகளுக்குக் கஷ்டந்தானேளா" என்றாள். அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

பொம்பளை என்று என்னைச் சுடுகாட்டுக்கு விடவில்லை. சித்தப்பா மகன் பெருமாள்ராஜ் கொள்ளி வைத்தான். குமரகுருபரன் பெரிய மாலையோடு வந்து போனார். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

அதன் பிறகு இந்த வருடம் புரட்டாசியில் வெள்ள ஒத்திகை நடந்தது. அதிகாரிகள் வந்திருந்தார்கள். குமரகுருபரன் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டு, "இந்தக் கதவு ஊருக்காக என்னைக்கும் தெறந்தே கெடக்கும்" என்று மைக்கில் சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர்கள் சாப்பிடப் போனதும் கடப்பாரையால் கீலை நெம்பிக் கதவு இரண்டையும் கழற்றினேன். கூடத் தூக்கியவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். வாழைத்தார் ஏற்றும் வண்டியில் போட்டுச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், வாய்க்கரிசி போட்டு, நீர்க்குடம் சுமந்து உடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, கொள்ளியை நானே வைத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

ஓடிவந்த குமரகுருபரன், "ஏ சண்டாளி, பர்மாத் தேக்குளா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அழும் அண்ணாச்சி, நல்லா அழும். எங்க அம்மைக்கு அழாததையும் சேத்து அழும்" என்றேன். கதவு நின்று எரிந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

குமரகுருபரன் புதுக்கதவுக்கு அளவு கொடுத்திருப்பதாகக் காவல் ஆய்வாளர் அவர்கள் தெரிவித்தார்கள். அதையும் எரிப்பேன் என்றேன். அதை எழுதினால் ஜாமீன் கிடைப்பது கஷ்டம், விட்டுவிடலாம் என்று அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) கா. பொன்செல்வி