தேதி சொல்லாத நர்ஸம்மா

மேடையில் வீற்றிருக்கும் நம் திருச்சபையின் சேகரகுரு ஐயரவர்களே, பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஜவுளிக்கடை சேக் மைதீன் பாய் அவர்களே, சபைக் கமிட்டி அங்கத்தினர்களே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, சங்கரன்கோவில் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் தோத்திரமும் வணக்கமும். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அழைப்பதுதான் மரியாதை. ஆனால் இந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது இரங்கல் கூட்டம். எழுபத்திரண்டு வயதில் தொண்டையும் ஒத்துழைக்கவில்லை, மனசும் ஒத்துழைக்கவில்லை. குறை நினைக்காதீர்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம்முடைய நர்ஸம்மா ஞானபூரணம் அவர்களைக் கருணைக் கடல் என்றார்கள், அன்பின் சிகரம் என்றார்கள். அந்த அம்மா கேட்டிருந்தால், "சரி, காரியத்துக்கு வாங்க" என்றிருப்பார்கள். வாய் கொஞ்சம் துடுக்குத்தான். அந்த வாய்க்குப் பயந்து மருந்து குடித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்! கையைத் தூக்கச் சொன்னால் பாதிக் கை மேலே வரும்.

1952-இல் நர்ஸ் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தார்கள். 1971-இல் ஓய்வு பெற்றார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? சொந்த ஊருக்குப் போவார்கள், ஈசிசேரில் சாய்வார்கள். நான் அதைத்தான் செய்தேன். நர்ஸம்மாவோ கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, வியாழக்கிழமை தோறும் தொழுநோய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வருஷம்! வரிசையாக வாளி. முதலில் காலைத் தண்ணீரில் ஊற வைப்பது, காய்த்துப்போன தோலைச் சுரண்டுவது, எண்ணெய் தடவுவது, கட்டுப் போடுவது. துணிக்காக நம் வீடுகளில் பழைய வேட்டி கேட்டு வருவார்கள். சேக் மைதீன் பாய் கடையில் வெட்டுத்துணியை எடுத்துக்கொண்டு போவார்கள். அதைப் பாயிடம் கேட்டு எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே கொள்ளாத கூட்டம் வரும். நர்ஸம்மா அந்தக் கூட்டத்துக்குள் மருந்துப் பெட்டியோடு நிற்பார்கள். தொழுநோயில் மரத்துப்போன காலுக்கு ரோட்டுச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும் என்பதற்காக. கிறிஸ்தவ அம்மாவுக்குத் தபசில் என்ன ஜோலி என்று நம் சபையிலேயே கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

இங்கேதான் நான் வர வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்தேன். முடியவில்லை.

1975-இல் நம் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பெரிய பந்தல், ஐந்து நாள். கூட்டம் முடிந்த சூட்டில் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. சபையில் பொறுப்பு வகிப்பவர் எவரும், தான் இரட்சிக்கப்பட்ட தேதியை, அதாவது மனந்திரும்பி ஆண்டவரை ஏற்றுக்கொண்ட நாளை, சொல்லிச் சபை முன்பாகச் சாட்சி கொடுக்க வேண்டும். வருஷம், மாதம், தேதி. தீர்மானத்தை எழுதியவன் செயலாளனாகிய நான். கையெழுத்தும் என்னுடையதுதான்.

நர்ஸம்மா அப்போது பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. கமிட்டிக்கு அழைத்தோம். தேதியைக் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் கணக்குக் கேட்பதுபோல. அந்த அம்மா சொன்ன பதில் மினிட் புத்தகத்தில் இல்லை, என் காதில் இருக்கிறது.

"தேதி தெரியாது சார்வாள். ஆண்டவர் என்னையப் பிடிச்சிருக்காருன்னு தெரியும். எப்பப் பிடிச்சாருன்னு தெரியல."

அவ்வளவுதான். நாங்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அந்த அம்மாவை ஒரு ஜெபம் செய்யச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார்கள், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிறு தவறினதுண்டா? ஒரு வியாழன் தவறினதுண்டா?

ஒன்றை நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரட்சிப்பு கிருபையினால் வருவது, கிரியையினால் வருவதல்ல. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் அதைத்தான் போதித்தேன், இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். புண்ணைக் கழுவிக் கழுவி நர்ஸம்மா மோட்சத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள் என்று நான் பேசினால், அந்த அம்மாவே சண்டைக்கு வந்திருப்பார்கள். என் வருத்தம் வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்குச் சர்க்கரை வியாதியால் உள்ளங்காலில் புண் வந்தது. ஆறவே இல்லை. ராஜபாளையம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். காலையே எடுக்க வேண்டியது வரும் என்றார்கள். வீட்டில் அழுகை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, துண்டால் தலையை மூடிக்கொண்டு, ஒருவரும் பார்த்துவிடக் கூடாதே என்று அந்தக் கொட்டகைக்குப் போனேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அருமைநாயகம் வந்திருக்கிறார் என்று நர்ஸம்மா எழுந்தா நின்றார்கள்? தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வரிசையில உக்காருங்க சார்வாள். உங்களுக்கு முன்னால நாலு பேரு இருக்காவ."

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த ராயகிரிக்காரர் துரைப்பாண்டி, விரல்கள் போன கையோடு எனக்கு ஒரு பலகையைத் தள்ளிவிட்டார். என் முறை வந்ததும் வாளித் தண்ணீரில் காலை விட்டேன். அந்த அம்மா என் காலைப் பிடித்துத் தேய்க்கத் தேய்க்க, எனக்குத் தாங்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். இன்று உங்களிடமும் சொல்லுகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சாட்சியில் சொல்லிவருகிற தேதி பொய். மிஷன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது சாட்சிக் கூட்டத்தில் ஒவ்வொருவனாக எழுந்து தேதி சொன்னான். என் முறை வந்தது. எனக்குத் தேதி இல்லை. இல்லை என்று சொன்னால் வேலை கிடைக்காதோ என்ற பயம். 1938 மே மாதம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து ஊர் ஊராக அதையே சொன்னேன். ஆண்டவரை நான் அறியாதவன் அல்ல. அறிந்தது எந்த நாள் என்றுதான் எனக்கும் தெரியாது!

நர்ஸம்மா கையை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியுமே சார்வாள். ஒரு வருசம் மே பத்துன்னு சொன்னிய, மறு வருசம் மே பதினெட்டுன்னு சொன்னிய. சார்ட்டுல தேதி பாத்தே தலை நரைச்சவ நான்."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். பதினைந்து வருஷம் இருக்கும் என்றார்கள். பதினைந்து வருஷம்! அப்படியானால் அன்றைக்குக் கமிட்டியில், நான் அவர்களை நிற்க வைத்துத் தேதி கேட்டபோது, என் தேதியின் லட்சணம் அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், நான் தலைகவிழ்ந்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்க முகம் என்னத்துக்கு ஆகும்? காலை வெளிய எடுக்காதிய. இன்னும் ஊறணும்."

பெரியோர்களே, இந்தக் கால் இன்றைக்கு என்னிடம் இருக்கிறது. அந்தக் காலில் நின்றுதான் பேசுகிறேன். அப்படியும் இரண்டு வருஷம் வாயைத் திறந்தேனா? அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தேனா? அடுத்த கமிட்டி, அடுத்த கமிட்டி என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த அம்மா போய்விட்டார்கள். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க? இதற்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள், எனக்கு அலுத்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு முதல் வியாழனன்று கொட்டகைக்கு ஒருவரும் போகவில்லை. பதினோரு பேர் உச்சிவெயில் வரை காத்திருந்துவிட்டுப் புண்ணோடு திரும்பிப்போனார்களாம். போன வியாழன் நான் போனேன். குனிய முடியவில்லை. நாலு பேருக்குக் கட்டினேன், அதிலும் ஒன்று அவிழ்ந்துவிட்டது. மற்றவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

ஆகவே உறுதிமொழி என்று பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டேன். தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிய தாளும், செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதமும் ஐயரவர்களிடம் கொடுத்துவிட்டேன். வரும் வியாழன் காலை ஏழு மணி பஸ்ஸில் கரிவலத்துக்குப் போவேன். இந்தக் கால் இருக்கிற மட்டும் வாரா வாரம் போவேன். என்னோடு இரண்டு பேர் வேண்டும், குனியக்கூடியவர்களாக.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. கூட்டம் தொடங்கியதிலிருந்து வாசலுக்கு வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், வெயிலில் துரைப்பாண்டியும் இன்னும் எட்டுப் பேரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். உள்ளே வரலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வாருங்கள் என்று நாமும் சொல்லவில்லை. முன் பெஞ்சிலிருக்கும் கமிட்டிக்காரர்கள் தயவுசெய்து நெருங்கி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். ஐயா துரைப்பாண்டி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க. இங்கன எம் பக்கத்துல உக்காருங்க.