பாலத்து வளைவு

— மாத்திரை அட்டையை ஒளிச்சு வச்சது நீங்கதானேப்பா?

— ஆமா. அதுக்கென்ன இப்போ?

— குடுங்க. சாப்பிட்ட கையோட போட்டுட்டு வண்டி எடுக்கப் போகணும்.

— பஸ் ஓட்டுறவ மனநோய்க்கு மாத்திரை போடுறான்னு டிப்போவுல தெரிஞ்சா என் மானம் என்னத்துக்கு ஆகும்? ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கேயே ஸ்டியரிங் பிடிச்சவன் நான்.

— தெரியும். நானே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். ஓட்டலாம்னு டாக்டர் எழுதியும் குடுத்துட்டாங்க. ஒளிச்சு வைக்க நான் என்ன திருடினேனா?

— அடிப்பாவி.

— போன வருஷம் நடந்ததெல்லாம் மறந்து போச்சா? வேகத்தடையில சக்கரம் குதிச்சாலே யாரோ அடிபட்டுட்டாங்கன்னு நெஞ்சு அடைக்கும். ஒருநாள் போய்ப் பாத்தே ஆகணும்னு பயணிகளோட வண்டியைத் திருப்பிட்டேன். கண்டக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

— அது தொழில் மேல இருக்கிற அக்கறைம்மா.

— அக்கறையா? ரோட்டுல ஒண்ணும் இல்லைன்னு கண்ணால பாப்பேன். ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் சரியாப் பாத்தோமான்னு மறுபடியும் ஆரம்பிக்கும். அதுக்குப் பேர் நோய்.

— அதான் சரியாயிடுச்சே. அப்புறம் எதுக்கு மாத்திரை?

— மாத்திரை போட்டதாலதான் சரியாச்சு. எடுத்த எடுப்புல கேக்கவும் இல்ல. வாய் வறண்டுச்சு, தூக்கம் கெட்டுச்சு. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டினாங்க, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. நீங்க என்னடான்னா அட்டையைத் தூக்கி ஒளிக்கிறீங்க.

— மனசுல தெம்பு வேணும். நான் என்ன மாத்திரை போட்டா ஓட்டினேன்?

— உங்க தெம்பைத்தான் பாத்தேனே. டூட்டி முடிஞ்சும் மணிக்கணக்கா வீட்டுக்கு வரமாட்டீங்க. எவ வீட்டுல இருந்துட்டு வர்றீங்கன்னு அம்மா கேட்டு அழுவாங்க. வாயே திறக்க மாட்டீங்க.

— செத்துப்போனவளை இழுக்காத.

— இழுப்பேன். அந்தச் சந்தேகத்தோடதான் செத்தாங்க. எனக்கு அது இன்னும் ஆறல. சரி, அட்டையைக் குடுங்க. இல்லேன்னா கடையில வேற வாங்கிப் போடுவேன், அவ்வளவுதான்.

— இந்தா, பிடி.

— இனிமே இதைத் தொடாதீங்க.

— தொடலை. ஒண்ணு மட்டும் சொல்லு. திரும்பிப் போய்ப் பாக்கணும்னு இப்போ தோணவே தோணாதா?

— எப்பவாவது தோணும். தோணிட்டுப் போகட்டும்னு ஓட்டிட்டுப் போயிடுவேன். ஏன் கேக்கறீங்க?

— சாயங்காலமானா நான் வாக்கிங் போறேன்ல?

— ஆமா, கொட்டுற மழையிலயும் போவீங்க. அதுக்கென்ன?

— அன்னைக்கும் நான் எவ வீட்டுக்கும் போகலம்மா, இன்னைக்கும் வாக்கிங் போகல. நான் பஸ் ஓட்டின ரூட்டுல இருக்கிற பாலத்து வளைவுல, என் வண்டியில அடிபட்ட ஆள் யாராவது கிடக்காங்களான்னுதான் பாத்துட்டு வர்றேன்.