ஈரம் ஆகாத திமிங்கிலங்கள்

பழைய காகிதத்துக்கு ஈரம் ஆகாது, ஐயா. இது தெரியாமல் படம் மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை யாரும் இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். இன்ஸ்பெக்டரான உங்களுக்கு விளங்க வேண்டுமென்றுதான் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான் சேர்ப்பது திமிங்கிலப் படங்கள் மட்டும். செப்புத் தகட்டில் கீறி, மை தடவி அச்செடுத்து, கையால் வண்ணம் பூசியவை. பழைய விலங்கியல் புத்தகங்களிலிருந்து பிரித்தவை. வரைந்தவர்களில் பாதிப் பேர் திமிங்கிலத்தைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. மாலுமிகள் பேச்சைக் கேட்டு ஒருவர் பன்றிக் காது வைத்திருப்பார், இன்னொருவர் மீன் செதில் போட்டிருப்பார். தலை மேல் மூச்சு விடும் துளையை மட்டும் யாரும் மறந்ததில்லை. அந்தத் தப்புகள் மேல்தான் எனக்குக் கொள்ளை ஆசை. என் மனைவி அவற்றுக்கு வைத்த பெயர் சக்களத்திகள். "என் சக்களத்திங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் எனக்குத் தட்டு வைப்பாள்.

எங்கள் வீட்டில் வெயில் படாத சுவர் படுக்கையறையில் மட்டும்தான். வெயில் பட்டால் வண்ணம் வெளுத்துவிடும். அதனால் படங்கள் எல்லாம் அங்கே.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கழுத்தில் துளை போட்டு, அதில் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. துளையை விரலால் மூடிக்கொண்டால் இரண்டு வார்த்தை பேசலாம். வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சுவரைப் பார்த்தாள், துளையை மூடினாள். "இப்ப நானும் அவங்க கட்சிதான்" என்றாள். பிறகு சத்தமே வராமல் சிரித்தாள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

டாக்டர் ஒரு இயந்திரம் வாங்கச் சொன்னார். தண்ணீரை ஆவியாக்கி அறைக் காற்றை ஈரமாக வைக்கும். காற்று காய்ந்தால் சளி இறுகிக் குழாயை அடைத்துவிடும் என்று என்னிடம்தான் சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்ச நாளில் படங்களில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. "பெட்டியில போட்டு வைங்க அத்தான், எங்க ஓடிடப் போகுது?" என்றார் மைத்துனர். பெட்டியில் பூட்டி வைக்கவா ஒருவன் ஆயுள் முழுக்கச் சேர்க்கிறான்?

அதனால் மத்தியானங்களில் மட்டும் இயந்திரத்தை அணைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துளையை மூடி, "கொஞ்ச நேரம்தானே?" என்றாள். கொஞ்ச நேரம்தான் என்றேன். காலையில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகும் நர்ஸம்மா மாலையில் மறுபடி வருவார். அதற்குள் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, மிஞ்சிய தண்ணீரில் கொஞ்சத்தை வாளியில் கொட்டிவிடுவேன். "சளி ஏன் இவ்வளவு கெட்டியா வருது?" என்று அவர் கவலைப்பட்டார். வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அன்றைக்குப் பெரிய படத்தை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் மேஜை மேல் வைத்திருந்தேன். வயிற்றுப் பக்கம் ஒரு கறை. மருந்து கலந்த தண்ணீரைத் தொட்டு, மையொற்றுத் தாளால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பாதியில் விட்டால் ஈரம் நின்ற இடத்தில் வளையம் விழும். பிறகு என்ன செய்தாலும் போகாது. அப்போது கட்டிலை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"ஒரு நிமிஷம்மா" என்றேன்.

வேகமாகத் தட்டினாள். பிறகு மெதுவாகத் தட்டினாள். நான் ஒற்றிக்கொண்டே இருந்தேன். கறை நன்றாகவே எடுபட்டுவிட்டது.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. மைத்துனர் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க அக்காவை இப்படி யாரு பாத்துக்குவாங்க அத்தான்" என்று தேம்பினார். அதைத்தான் ஐயா தாங்க முடியவில்லை. நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். பொய்யழுகை இல்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை நான் உயிராக நினைத்தேன், வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

சாதாரணமாகக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை எதற்கும் அவசரப்படுத்தியதில்லை. காத்திருப்பாள் என்று எனக்குப் பழகிவிட்டது.

இல்லை. எழுதியதை அடித்துவிடுங்கள். மூச்சு வராமல் தட்டுகிறாள் என்பது முதல் தட்டிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துதான் ஒரு நிமிஷம் என்றேன்.