கடைக்குப் போகும் பாதை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் மடியில் கிடந்த மனுக்கட்டைத் தட்டிக்காட்டிப் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்:

“எங்க ஊரு பிராந்திக்கடைய மூட இந்த நாட்டுல யாருக்குமே அதிகாரம் இல்லீங்களாம்.”

“யாரும்மா சொன்னது?”

“எல்லாருந்தாங்க. கிராம சபையில தீர்மானம் போட்டோம். பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்ல, கலெக்டர் ஆபீசு போன்னாங்க. அங்க போனா, மெட்ராசுக்கு எழுதுன்னாங்க. எழுதினா, கலெக்டர் ஆபீசையே பாருன்னு பதில் வருது. ரோட்டோரம் கடை கூடாதுன்னு கோர்ட்டு சொன்னப்ப, அதத் தூக்கியாந்து எங்க கொல்லைக்குப் பின்னால வெச்சாங்களே, அதுக்கு மட்டும் எல்லாருக்கும் அதிகாரம் இருந்துச்சு.”

“வுட்டுத்தள்ளும்மா. அரசாங்கத்த எதிர்த்து நிக்க முடியுமா?”

“எம் பொண்ணு அந்தக் குடிகாரக் கும்பலத் தாண்டித்தாங்க ஸ்கூலுக்குப் போவுது. பயந்துக்கிட்டு, பத்தாவதோட நின்னுக்கறேங்குது. வுட்டுத்தள்ளச் சொல்றீங்களா?”

பெரியவர் செருமிக்கொண்டார்.

“கடைக்குப் போற பாதை எங்க பட்டாவுலதான் இருக்குது. நாளைக்குக் காலையில டிராக்டரு வருது. பாதைய உழுது கேவுரு வெதைச்சுடுவேன். அப்புறம் எவன் எப்படி வர்றான்னு பாக்கறேன்.”

ஊரின் பெயரை அவர் சொல்லாவிட்டாலும், அந்தப் பாதையில் சில முறை நடந்தவன் என்ற முறையில், நான் ஜன்னலுக்கு வெளியே இயற்கையை ரசிக்கத் தொடங்கினேன்.

“கேஸ் போடுவாங்கம்மா.”

“போடட்டுங்க. எந்த ஆபீசு போடறதுன்னு அவுங்க முடிவு பண்றதுக்குள்ள கேவுரு அறுப்புக்கு வந்துரும்.”