சாமி பங்கு

அவன் கெடக்கான், நீங்க வெத்தலையைப் போடுங்க. மொறைக்கிறான்னு நெனைக்காதீக. எம் மகன் வீரணன், அவன் பார்வையே அப்பிடித்தான். ஆமா, என்ன சொன்னீக? கல்லல் டேசன்ல எறங்கி முத்துவீரனைப் பாத்து, சிவகங்கையில சாராயம் காய்ச்ச அவனோட கூட்டுச் சேரப் போறீகளாக்கும்? பரம்பரைத் தொழில்காரன்னு வேற சொல்றீக. தூ! வெத்தலைதான் துப்புனேன்.

அந்தப் பரம்பரையை நாஞ் சொல்றேன் கேளுங்க. அவுக அப்பன் பெத்தன் சாக்கோட்டையில ஒத்தைப் பானையோட ஒக்காந்தவன். வேலம்பட்டையும் கருப்பட்டியும் ஊறப் போட்டான்னா, அந்த வாடைக்கே செட்டியாரு வீட்டு வண்டிமாடு ரெண்டும் ரோட்டுல படுத்துக்கும். ஒரு காக்கா ஒரே வாய் குடிச்சுட்டு, பின்பக்கமாவே பறந்து பள்ளத்தூரு போய்ச் சேந்துச்சு. சிரிக்காதீக, அடுப்புத் தள்ளுனவன் நாந்தான், எங் கண்ணால பாத்தேன்.

கடைஞ்செடுத்த கஞ்சன். எனக்கு ஒரு சொட்டு காட்டமாட்டான். ஆனா பானை காஞ்சு மொதல்ல எறங்குது பாருங்க, அதுல ரெண்டு செம்பைக் கருப்பருக்குன்னு மண்ணுல கவுத்துருவான். சாமி பங்கு, எவனும் தொடப்படாதும்பான். ஏன்னு கேட்டா வெறகுக்கட்டையத் தூக்குவான். அந்த எடத்துல புல்லு மொளைச்சதே இல்ல. சாமி காலு பட்ட எடம்னு அதையும் விழுந்து கும்பிட்டோம், மடப்பயலுக.

பெத்தன் போனதும் மகன் முத்துவீரனுக்கு ஆசை கண்டபடி ஓடுச்சு. சாராயக் குத்தகையைப் பிடிச்சுக் கல்லல்ல ரெண்டாவது அடுப்பு. பட்டுச் சட்டை, கையில காப்பு, பீத்தல் வேற. ஊறல் பதம் பாக்கத் தெரியாது, மீசை முறுக்க மட்டும் தெரியும். மொத நா சரக்கு எறங்குது. சாமி பங்கைக் கவுக்கணுமான்னு முழிக்கிறான். கருப்பரு சாக்கோட்டையில இருக்காரு, இங்குட்டு எதுக்குப் பங்கு, வண்டியேறியா வந்து குடிப்பாருன்னு ஒரு புத்திசாலி கேட்டான். எல்லாரும் சிரிச்சாக. அவனும் சரின்னுட்டான். அந்த மொதச் செம்பை, கைராசிக்காரப் பயன்னு நம்ம வீரணன் கையில குடுத்தாக.

சேச்சே, சாகல. மறுநா உச்சி வெயில்ல ஒக்காந்துக்கிட்டு, ஏம்ப்பா இன்னும் விடியலைன்னு கேட்டான்.

சாமி பங்காவது ஒண்ணாவது! அது வெசம்யா. பெத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு, வாயைத் தெறந்து சொல்லல. மகன்காரன் சாமி குத்தம்னு கல்லல்ல ஒரு கருப்பரை நட்டு, இப்ப அங்கயும் ஊத்துறான். இன்னைக்கு வரைக்கும் அந்த மரமண்டைக்கு வெவரம் புரியல. சிவகங்கையில நமக்குக் கருப்பரு இல்லையேன்னு உங்ககிட்டயும் ஆரம்பிப்பான். சாமி இருந்தாலும் இல்லாட்டியும் மொத ரெண்டு செம்பை மண்ணுல கவுத்துருங்க.

அந்தப் புத்திசாலியா? வேற யாரு, இந்த வாய்தான். இந்தா, ரயிலு வந்திருச்சு, ஏறுங்க. வீரணா, அய்யாவுக்கு வழி விடு. அங்குட்டு இல்லடா... இங்குட்டு, அப்பன் குரல் வர்ற பக்கம்.