எந்தக் கார்புரேட்டர் வாங்கினாலும்

சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். பழைய பெட்ரோல் ஜீப்புக்கு எந்தக் கார்புரேட்டர் வாங்கலாம் என்று அவர் கைபேசியில் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார்.

“எத வாங்கினாலும் ஒடச்சிடுவேன்” என்றாள் அவள்.

“இன்னா சொல்ற?”

“பழசு தானா ஒடயல. நான்தான் சுத்தியால அடிச்சேன்.”

“ஏன்டி?”

“நாகலாபுரத்துலருந்து நீ ஓட்டிக்கினு வந்தப்போ உனுக்கு வலிப்பு வந்துச்சி. பொண்ணு பின்னால குந்திக்கினு இருந்தா. நான்தான் ஸ்டீரிங்க புடிச்சி வண்டிய வயல்ல எறக்கினேன்.”

“நான் அசந்து தூங்கிட்டேன்னுதான சொன்ன?”

“நீ பயந்துடுவேன்னு பொய் சொன்னேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“பாப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். அன்னிலருந்து அவ உன் வண்டில ஏறல. நீதான் கவனிக்கல.”

அவர் கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

“ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும்?”