பன்னிரண்டு கீறல்கள்

சின்னப்பா: யாரைக் கேட்டுடி இப்படிப் பண்ணே? எம் பொண்ணு கையைப் பாரு! பூனை பிராண்டின மாதிரி வரிசையா...

தனக்கோடி: கத்தாதே. சரளா இப்பத்தான் கண்ணசந்தா.

சின்னப்பா: பன்னெண்டு கீறல்! ஏழு வயசுப் பிள்ளைக்கு! பெரிய ஆஸ்பத்திரியில பரீட்சை பண்ண நம்ம மர்பி டவுன் பிள்ளைங்கதான் கெடைச்சுதா? வெள்ளைக்காரன் போயி பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும்...

தனக்கோடி: நான்தான்யா கையைப் பிடிச்சுக்கிட்டேன். மூச்சிழுப்பு எதனால வருதுன்னு பார்க்கற டெஸ்ட்டு. ஒவ்வொரு கீறல்லயும் ஒவ்வொரு சொட்டு விடறாங்க. எது ஆகாதோ அது மட்டும் தடிச்சுக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

சின்னப்பா: தோலைக் கீறினா நெஞ்சுல இருக்கறது தெரியுமா? சும்மா ஏமாத்தறாங்க.

தனக்கோடி: யாரு ஏமாத்தறது? பால் ஆகாது, முட்டை ஆகாது, வாழைப்பழம் கூடவே கூடாதுன்னு ஆறு வருஷமா பிள்ளையைக் காயப் போட்டோமே... மூணும் தடிக்கவே இல்ல!

சின்னப்பா: எங்கம்மா சொன்னது என்னன்னா...

தனக்கோடி: உங்கம்மா பேச்சை எடுக்காதே! மசக்கையில நான் ஐஸ் தின்னேனாம், அதான் பிள்ளை நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம். தெரு பூரா சொன்னாங்க. குழாயடியில நான் தலை நிமிர்ந்து நின்னிருக்கேனா? நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே!

சின்னப்பா: சரி... சரி. எதுதான் தடிச்சுது?

தனக்கோடி: நீ தெனமும் வீட்டுக்குக் கொண்டு வர்றதுதான்.

சின்னப்பா: சொல்லேன்டி.

தனக்கோடி: குதிரை முடி.

சின்னப்பா: அது ஒண்ணுதானா?

தனக்கோடி: புளியங்கொட்டை அத்தனை தடிப்பு. தடிப்பை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டாங்க. எங்க இருந்தா இழுக்குது, எங்க இருந்தா இழுக்கலன்னு. போன வருஷம் கோலார்ல எங்கக்கா வீட்டுல இருபது நாள் இருந்தாளே, ஒரு தடவ இழுத்துச்சா? திரும்பி வந்த அன்னிக்கு, லாயத்துலேருந்து வந்த சட்டையோட வாரித் தூக்கினே. விளக்கு வைக்கறதுக்குள்ள மூச்சு முட்டிப் போச்சு.

சின்னப்பா: பதினாலு வருஷமா குதிரை தேய்க்கறேன். எனக்கு ஒரு தும்மல் வந்ததில்ல.

தனக்கோடி: உனக்கு வரல, அவளுக்கு வருது! உன் சட்டை எங்க தொங்குது? அவ தலைமாட்டு ஆணியில!

சின்னப்பா: அதுக்கு... வேலையை விட்டுடச் சொல்றாங்களா?

தனக்கோடி: யாரு விடச் சொன்னா? லாயத்துலயே குளிச்சு, துணி மாத்திக்கிட்டு வரணும். அந்தச் சட்டை இந்தப் படி ஏறக் கூடாது. முதல்ல அதைச் செஞ்சு பார்க்கலாம்னாங்க.

சின்னப்பா: அவ்வளவுதானா?

தனக்கோடி: அவ்வளவுதான்... என்னய்யா, அழறியா? குதிரை முடின்னு சொன்னப்போகூட நீ திடுக்கிடலியே... இரு. கோலார்லேருந்து வந்தப்புறம் ஒரு நாள்கூட நீ அவளைத் தூக்கல. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலியான்னு கேக்கறா அவ. உனக்கு... முன்னாடியே தெரியுமா?

சின்னப்பா: லாயத்துக்கு வர்ற குதிரை டாக்டரு அப்பவே சொன்னாரு... சில பிள்ளைங்களுக்குக் குதிரை ஆகாதுன்னு. உங்கிட்ட சொன்னா வேலையை விடும்பே. சட்டையிலயும் அது ஒட்டி வரும்னு எனக்குத் தெரியுமா, தனக்கோடி? தூக்காம இருந்துட்டாப் போதும்னு நெனச்சேன்... ஒரு வருஷம்! குளிச்சுட்டு வந்திருந்தா தூக்கியிருக்கலாமேடி...